ஒயின் ஜாபிதாவும் வருணாசிரமமும்

சென்னை ராஜா அண்ணாமலைபுரம் இன்று பெரும்பாலும் பணக்காரர் பேட்டையாகிவிட்டது. அங்கே கடலோரத்தில் எம்.ஆர்.சி. நகரில் 2013-ம் வருஷம் லீலா பேலஸ் என்னும் நட்சத்திர ஹோட்டல் திறக்கப்பட்டது. இந்தத் தரத்து ஹோட்டல்கள் பட்டணத்தில் இன்னும் பல இருக்கின்றன. இம்மாதிரி இடங்களில் மேல்நாட்டு முறையில் வாட்டிய மாட்டுக்கறித் துண்டத்துக்கு ஸ்டேக் என்று பெயர். அதோடு சேர்த்துக் குடிக்கவேண்டியது ஒயின் என்பது அங்கே சாஸ்திரம். எந்தெந்த ஒயின் என்னென்ன விலை என்று அச்சடித்துக் கையில் கொடுக்கும் புஸ்தகம்தான் ஒயின் ஜாபிதா.

இந்த ஜாபிதாவை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுந்திருக்கிறோம். "ஜாதியையும் சடங்கையும் பற்றி எழுதுகிற பத்திரிகைக்கு ஒயின் ஜாபிதாவில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. மனிதன் எங்கே தன் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறானோ, அங்கெல்லாம் நமக்கு வேலை இருக்கிறது. அந்த இடம் கோவிலாயிருந்தாலென்ன, ஹோட்டலாயிருந்தாலென்ன?

முதலாவதாக ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகிறோம். குடிக்கும்படி யாருக்கும் நாம் சிபாரிசு செய்ய வரவில்லை. மதுவில் பயமில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ம் வருஷம் ஜனவரியில் சொல்லிவிட்டது. குடிக்காதவன் நஷ்டப்பட்டவனல்ல. ஆனால் குடிக்கிறவன் எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவேண்டாமா என்பதும், குடிக்காதவன் அந்த ஜாபிதாவைக் கண்டு ஏன் கூசவேண்டும் என்பதும்தான் நமது கேள்வி.

நமக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர் இருக்கிறார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவருடைய கம்பெனியார் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து வைத்தார்கள். தடித்த ஒயின் ஜாபிதா அவர் கையில் வந்தது. ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை. விலை குறைந்ததைக் கேட்டால் தரித்திரம் என்று நினைப்பார்கள், விலை அதிகமானதைக் கேட்டால் பேராசை என்று நினைப்பார்கள் என்று பயந்து, நடுவில் ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாராம். பிறகு பரிமாறுகிறவர் தக்கையைக் கொண்டுவந்து காட்டினபோது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நன்றி சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம். மேஜையில் எல்லோரும் சிரித்தார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து பேரைவிட அதிகம் படித்து, பத்து பேரைவிட நன்றாய் வேலை செய்கிற ஒரு மனிதனை, ஒரு தக்கை தலைகுனிய வைத்துவிட்டது என்றால் அந்தத் தக்கையைப் பற்றி நாம் எழுதாமலிருக்க முடியுமா?

அவர் தலைகுனிந்ததற்குக் காரணம் ஒயின் அல்ல. புரியாத பாஷையில் இருப்பது உயர்ந்தது என்று நம் ஜனங்களுக்கு வெகு காலமாகக் கற்பிக்கப்பட்ட பாடமே காரணம். கல்யாண மந்திரம் பெண்ணுக்கும் புரியாது, மாப்பிள்ளைக்கும் புரியாது. ஆனால் அதுதான் உயர்ந்தது. சங்கீத மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமும் உயர்ந்தது, தமிழ் துக்கடா. இதை எதிர்த்துத்தான் தமிழிசைக் கிளர்ச்சி எழுந்தது. 1943-ல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அந்தக் கிளர்ச்சிக்குப் பொருளும் பலமும் கொடுத்து நின்றவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அவர் பெயரைத் தாங்கிய பேட்டையிலே இன்று ஒரு தமிழன் பிரெஞ்சுப் பெயரை உச்சரிக்கத் தெரியாததற்காக வெட்கப்படுகிறான் என்றால், மந்திரம் மாறினதே தவிர புத்தி மாறவில்லை என்றுதானே அர்த்தம்?

நிற்க, இந்த ஒயின் உலகத்திலும் ஒரு வருணாசிரமம் இருக்கிறது என்பதை நம் வாசகர்களில் அநேகர் அறிந்திருக்கமாட்டார்கள். பிரான்சு தேசத்தில் போர்தோ என்ற பிரதேசம் ஒயினுக்குப் பேர்போனது. 1855-ம் வருஷம் பாரிஸ் பொருட்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அவ்வூர்த் தரகர்கள் கூடி அங்குள்ள சிவப்பு ஒயின்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். எதை ஆதாரமாகக் கொண்டு பிரித்தார்கள்? பெரும்பாலும் அன்று மார்க்கெட்டில் எது என்ன விலைக்குப் போயிற்று என்பதை வைத்துத்தான். முதல் வகுப்பில் நான்கு தோட்டங்கள்: லாஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-ப்ரியோன். அந்தப் பட்டியல்தான் இன்றுவரைக்கும் வேதம். தோட்டம் கைமாறலாம், கொடி மாறலாம், செய்கிறவன் மாறலாம்; வகுப்பு மட்டும் மாறாது. ஏனென்றால் அது பிறப்பில் வந்தது! இத்தனை வருஷத்தில் மேல்வகுப்புக்கு ஏற்றப்பட்டது ஒரே ஒரு தோட்டம்தான். மூத்தோன் ரோத்சில்டு என்பது 1973-ல் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு வந்தது. அதற்கும் பல பத்து வருஷம் அதன் சொந்தக்காரர் மன்றாட வேண்டியிருந்தது. கடைசியில் மந்திரி கையெழுத்துப் போடவேண்டியிருந்தது.

மனுதர்மத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது. அன்று யார் கையில் பலம் இருந்ததோ அவர்களை மேலே எழுதினார்கள். எழுதினபிறகு, மேலே எழுதியிருப்பதே அவர்கள் உயர்ந்தவர்கள் என்பதற்கு ருஜு ஆகிவிட்டது. உயர்ந்ததாகையால் விலை அதிகம். விலை அதிகமாகையால் உயர்ந்தது. இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி வருவதற்குத்தான் பாரம்பரியம் என்று பெயர்.

இந்தப் பாரம்பரியத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1976-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி பாரிஸ் நகரில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒரு சோதனை வைத்தார். பிரான்சு தேசத்துப் பெயர்பெற்ற ஒயின்களையும், அப்பொழுது யாரும் மதியாத அமெரிக்கக் கலிபோர்னியா ஒயின்களையும், எது எது என்று தெரியாதபடி மறைத்து ஊற்றிக்கொடுத்தார். மார்க்குப் போட்ட பிரெஞ்சு நீதிபதிகள் ஒன்பது பேரும் அந்த சாஸ்திரத்தில் கரை கண்டவர்கள். முடிவு என்ன? வெள்ளையில் முதலாவது வந்தது கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்டெலீனா. சிவப்பில் முதலாவது வந்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். அந்தப் பந்தியில் முதல் வகுப்பு ஓ-ப்ரியோனும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்புதான் முதல் வகுப்பாக்கப்பட்ட மூத்தோனும் இருந்தது. முடிவைக் கேட்டவுடன் நீதிபதிகளில் ஒரு அம்மையார் தாம் மார்க்குப் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டாராம்!

தோழர்களே! புட்டியின் சீட்டை மறைத்தவுடனே வருணம் மறைந்துபோயிற்று. மனிதன் விஷயத்தில் நாம் இத்தனை காலமாகச் சொல்லிவருவது இதுதானே? பெயரின் வாலை நறுக்கிவிட்டு, நெற்றிக்குறியை அழித்துவிட்டு, மார்பு நூலை மறைத்துவிட்டு, பத்து பேரை வரிசையாய் நிற்கவைத்து யார் எந்த ஜாதி என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றால், எந்த சாஸ்திரியாராவது சொல்லிவிடுவாரா?

இதுமாத்திரமல்ல. போர்தோ நகரத்திலேயே ஒயின் சாஸ்திரம் படிக்கும் மாணவர் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் ருசியில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளையே அதற்கும் சொன்னார்கள். 2001-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. கலிபோர்னியாவில் ஹாட்ஜ்சன் என்பவர், போட்டி நீதிபதிகளுக்கு ஒரே புட்டி ஒயினை அவர்களுக்குத் தெரியாமல் மூன்று தடவை கொடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி மார்க்குப் போட்டவர் பத்தில் ஒருவர்தான். அதே 2008-ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சியில், 20 பேருக்கு ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும், மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது அதிக ருசி என்று வாயால் சொன்னது மட்டுமல்ல. மூளையில் இன்பம் உணரும் பாகமே அதிகமாய் வேலை செய்ததை யந்திரம் காட்டிற்று.

"அப்படியானால் அவர்கள் அனுபவித்த ஆனந்தம் மெய்தானே?" என்று சிலர் கேட்கலாம். ஆனந்தம் மெய்தான். அதற்குக் காரணம் புட்டிக்குள் இருக்கிறது என்பதுதான் பொய். மலையேறிச் சாமி கும்பிட்டவனுக்கு மனநிம்மதி வந்ததும் மெய்தான். அது கல்லுக்குள்ளிருந்து வந்தது என்பதுதான் பொய். பக்தனுடைய இன்பத்தைக் கொண்டு விக்கிரகத்தின் சக்திக்கு ருஜு காட்டுவதும், 90 டாலர்காரனுடைய இன்பத்தைக் கொண்டு ஒயினின் யோக்கியதைக்கு ருஜு காட்டுவதும் ஒரே வியாபாரம்தான்.

இனி, ஜாபிதாவுக்கே மார்க்குப் போட்டுப் பரிசு கொடுக்கும் தேவஸ்தானங்களின் சங்கதியைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒயின் ஸ்பெக்டேட்டர் என்ற பத்திரிகை 1981 முதல் ஹோட்டல்களின் ஒயின் ஜாபிதாக்களுக்குப் பரிசு கொடுத்து வருகிறது. ஃப்ளோரிடா மாகாணம் டாம்பா நகரத்தில் பெர்ன்ஸ் என்ற ஸ்டேக் ஹோட்டல் இருக்கிறது. 1956-ல் ஆரம்பித்தது, ஐந்து லட்சத்துக்குமேல் ஒயின் புட்டிகள் வைத்திருப்பதாகச் சொல்லப்படுவது. அதற்கு இந்தப் பத்திரிகையின் தலையாய பரிசு முதல் வருஷத்திலேயே கிடைத்தது. அதைப்பற்றி நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் 2008-ல் நடந்ததைக் கேளுங்கள். ராபின் கோல்ட்ஸ்டீன் என்பவர் இத்தாலியில் மிலான் நகரில் ஒரு ஹோட்டல் இருப்பதாகப் பாவித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து, ஒரு ஒயின் ஜாபிதாவும் தயாரித்து, 250 டாலர் கட்டணத்தோடு அனுப்பினார். ஹோட்டல் எங்கும் கிடையாது. சுவரும் இல்லை, அடுப்பும் இல்லை. அந்த ஜாபிதாவில் மிக உயர்ந்தவை என்று தனியே எழுதின ஒயின்களோ, அந்தப் பத்திரிகையே முன்னே மிகக் குறைந்த மார்க்குப் போட்டுத் தள்ளினவை. இல்லாத ஹோட்டலுக்குப் பரிசு வந்துவிட்டது!

குட்டு வெளிப்பட்டதும் பத்திரிகைக்காரர் சொன்ன சமாதானத்தையும் சொல்லிவிடவேண்டும். தாங்கள் டெலிபோன் செய்ததாகவும், பேசும் யந்திரம்தான் பதில் சொன்னதாகவும், ஜாபிதாவிலிருந்த மற்ற ஒயின்களில் பெரும்பாலானவை நல்லவையே என்றும் சொன்னார்கள். இருக்கட்டும். நேரில் போய்ப் பாராமல், குடித்துப் பாராமல், காகிதத்தையும் கட்டணத்தையும் பார்த்துக் கொடுக்கும் பரிசுக்கு என்ன மதிப்பு என்று மாத்திரம் கேட்கிறோம். தட்டில் விழுகிற காசைப் பார்த்து அர்ச்சனை செய்கிறவருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஒயினில் அறிவதற்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் புரட்டு என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதும் மூடநம்பிக்கைதான். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய துவர்ப்பு இருக்கிறது. அது வாயிலுள்ள எச்சிலோடு சேர்ந்து வாயை வறளச் செய்யும். கொழுப்பும் சாறும் உள்ள கறியோடு குடித்தால் அந்த வறட்சி அடங்கிவிடும். ஸ்டேக்குக்குச் சிவப்பு ஒயின் என்பதற்கு இதுதான் காரணம். வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் சேருவது போன்ற விஷயமே ஒழிய, இதில் தெய்வ ரகசியம் ஒன்றுமில்லை.

அந்தத் தக்கைச் சடங்குக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் இருக்கிறது. சில தக்கைகளில் ஒருவகைப் பூஞ்சையால் கெடுதல் உண்டாகி, ஒயினில் ஈரக்காகிதம் மக்கின நாற்றம் ஏறிவிடும். முதலில் ஒரு வாய் ஊற்றிக் கொடுப்பது, "உனக்குப் பிடிக்கிறதா?" என்று கேட்பதற்கல்ல, "கெட்டுப்போயிருக்கிறதா?" என்று பார்ப்பதற்கு. மோந்து பார்த்து, நாற்றமில்லையென்றால் தலையசைக்கவேண்டியது. நாற்றமிருந்தால் வேறு புட்டி கேட்கவேண்டியது. இவ்வளவுதான் விஷயம். இதை நாலு வார்த்தையில் சொல்லிக் கொடுத்திருந்தால் நமது வாலிபர் கண் கலங்கியிருக்கமாட்டார். காரணத்தைச் சொல்லாமல் காரியத்தை மட்டும் செய்யச் சொல்லும்போதுதான் பழக்கம் சடங்காகிறது, தெரிந்தவன் புரோகிதனாகிறான், தெரியாதவன் தாழ்ந்தவனாகிறான்.

ஆகவே, ஜாபிதாவை மதிப்பிடுவதற்குப் பகுத்தறிவுள்ள எவரும் செய்யக்கூடிய சோதனைகளைக் கீழே சொல்லுகிறோம். இவைகளுக்கு பிரெஞ்சு தெரியவேண்டியதில்லை.

முதலாவது, பெயருக்குப் பக்கத்தில் செய்தவன் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பது எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெறுமனே "சிவப்பு, பிரான்சு" என்று எழுதுவது, மருந்துக் கடைக்காரன் "மாத்திரை, வெள்ளை" என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, கணக்கு. ஒரு புட்டி 750 மில்லி. 150 மில்லிக் கோப்பையானால் ஐந்து கோப்பை. கோப்பை விலையை ஐந்தால் பெருக்கிப் புட்டி விலையோடு ஒத்துப் பார்த்தால் ஹோட்டல்காரனுடைய மனது தெரிந்துவிடும். கடையில் என்ன விலை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவில் வெகுகாலமாக 150 சதவீதம் சுங்கவரி இருந்து வந்தது. 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த உடன்படிக்கையால் ஆஸ்திரேலிய ஒயின்களில் விலை கூடினவற்றுக்கு அது குறைக்கப்பட்டது. ஆகவே நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி திராட்சைக்கல்ல, வரிக்கும் ஹோட்டல் வாடகைக்கும்தான் என்பது ஞாபகமிருக்கவேண்டும். லண்டன் ஹோட்டல்கள் சுமார் 250-ன் ஜாபிதாக்களை ஆராய்ந்தவர்கள் 2021-ல் வெளியிட்ட முடிவு என்னவென்றால், லாபம் அதிகம் வைத்திருப்பது நடுவிலையிலுள்ள புட்டிகளில்தான் என்பது. வெட்கத்தால் நடுவில் விரல் வைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது, ஒயினை எங்கே வைத்திருக்கிறார்கள், கோப்பைக்கு ஊற்றும் புட்டி எப்போது திறந்தது என்று கேட்கவேண்டும். ஒயின் 13 டிகிரியளவு குளிர்ச்சியில் இருக்கவேண்டிய சரக்கு. சென்னையில் மே மாதம் 40 டிகிரி. திறந்து பலநாள் கிடந்த ஒயின் காற்றுப்பட்டுப் புளித்துவிடும். கேட்டால் கோபித்துக்கொள்கிற ஹோட்டல் ஜாபிதாவுக்குப் பூஜ்யம் மார்க்குப் போடலாம்.

நான்காவது, நாசிக்கிலும் பெங்களூருக்குப் பக்கத்து நந்தி மலையடியிலும் செய்யும் ஒயின்களுக்கு ஜாபிதாவில் இடம் இருக்கிறதா, அல்லது கடல் தாண்டினதற்கு மாத்திரம்தான் இடமா என்று பார்க்கவேண்டும். உள்நாட்டுச் சரக்கென்பதற்காக அதைப் புகழவேண்டியதில்லை. உள்நாட்டுச் சரக்கென்பதற்காகத் தள்ளவும் வேண்டியதில்லை. மறைத்து ஊற்றிப் பார்த்து, எது நன்றோ அதைச் சொல்லட்டும்.

ஐந்தாவது, குடிக்காதவனுக்கு என்ன மரியாதை என்று பார்க்கவேண்டும். "தண்ணீர் போதும்" என்கிறவனையும் மற்றவர்களைப் போல் உபசரிக்கிற ஹோட்டல்தான் யோக்கியமான ஹோட்டல்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஜாபிதாவின் உள்ளே இருக்கும் வருணாசிரமத்தைவிட, ஜாபிதாவுக்கு வெளியே இருக்கும் வருணாசிரமம் கொடுமையானது.

மாட்டுக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ம் வருஷம் மே மாதத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கண்ணில் காயப்படும்படி அடிக்கப்பட்டார். 2022 மே மாதத்தில் ஆம்பூரில் சர்க்கார் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில், அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சமைத்துத் தின்னும் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியது; மழையைக் காரணம் சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். ஆனால் அதே மாட்டுக்கறி, ஸ்டேக் என்ற பெயரோடு வெள்ளைத் தட்டில் வந்தால் தீட்டு இல்லை, சண்டை இல்லை, திருவிழாவுக்குத் தடையும் இல்லை. அப்படியானால் தீட்டு மாட்டிலா இருக்கிறது? தின்கிறவனுடைய ஜாதியிலும் பையிலுமல்லவா இருக்கிறது?

குடியும் அப்படித்தான். கள்ளில் பொதுவாக 5 சதவீதம் அளவு வெறிச்சத்து. ஒயினில் 12 முதல் 14 சதவீதம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கக் கூடாது. இறக்கினால் பனையேறி ஜெயிலுக்குப் போகவேண்டியது. அதைவிட இரண்டு மூன்று பங்கு வெறியுள்ள ஒயினுக்கு லைசென்சு உண்டு, ஜாபிதா உண்டு, வர்ணனை உண்டு. கள்ளை அனுமதிக்கலாமா கூடாதா என்பது வேறு வாதம். இங்கே நாம் கேட்பது, ஒரே சத்துக்கு இரண்டு நீதி ஏன் என்பது. இந்த நாட்டுக்கு ஒயின் புதிதுமல்ல. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகினதைப் புறநானூறு சொல்லுகிறது. யவன ஜாடிகளை அரிக்கமேட்டு மண்ணில் 1945-ல் தோண்டி எடுத்தார்கள். சோமபானத்தைத் துதிப்பதற்கென்றே ரிக் வேதத்தில் ஒரு மண்டலம் முழுவதும் இருக்கிறது. தேவர் குடித்தால் சோமம், ராஜா குடித்தால் தேறல், கனவான் குடித்தால் ஒயின், கூலிக்காரன் குடித்தால் மாத்திரம் குடியா?

இந்த இரண்டு நீதியின் முடிவு எங்கே போய் நிற்கிறது? 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர் செத்தார்கள். பெரும்பாலோர் கூலி ஜனங்கள். செத்தவர்களுக்காக அழுததைவிட, "குடிகாரர்கள்தானே" என்று சொன்னவர்கள் அதிகம். 1986-ல் இத்தாலி தேசத்தில் ஒயினிலேயே மெத்தனாலைக் கலந்து விற்று, குடித்தவர்களில் 20 பேருக்குமேல் செத்தார்கள். அங்கே சட்டமும் சோதனையும் ஒயின் உலகத்தையே கலக்கின. மெத்தனாலுக்கு ஜாதி தெரியாது. நாக்குக்கும் மெத்தனால் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது ரசாயனச் சோதனைதான். கனவானுடைய கோப்பையில் தக்கை நாற்றம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிபுணர் நிற்கிறார். கூலிக்காரனுடைய பாக்கெட்டில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் இல்லை. நாட்டில் மதிப்பிடவேண்டிய ஜாபிதா இதுதான் என்று சொல்லுகிறோம்.

ஆகையால் தோழர்களே, பெரிய ஹோட்டலுக்குப் போக நேர்ந்தால் போங்கள்; வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜாபிதா கையில் வந்தால் அதை வேதமாக நினைக்காமல் மளிகைக்கடைச் சிட்டையாக நினைத்து வாசியுங்கள். தெரியாததைச் சத்தம் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் அவமானமில்லை, தெரிந்ததுபோல் நடிப்பதில்தான் அவமானம். விலையைக் கேளுங்கள், வருஷத்தைக் கேளுங்கள், காரணத்தைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு, ஆம்பூர் பிரியாணியையும் பனையேறியையும் கருணாபுரத்தையும் பற்றி அதே கேள்விகளை அதே சத்தத்தோடு கேளுங்கள். மேஜையில் கேட்கத் தைரியமில்லாதவன் தெருவில் கேட்கமாட்டான். தெருவில் கேட்காதவன் மேஜையில் கேட்டும் பயனில்லை.